ஃபேக் ஐடி கலையாகுமா? டிஜிட்டல் கலையில் அடையாளமும் அநாமதேயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் ஒரு நாள் விஸ்காம் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். டிஜிட்டல் கலை பற்றிப் பேசும் நாளில் மட்டும் மணி அடித்தாலும் கேள்விகள் நிற்பதில்லை. வகுப்பில் பாதிப் பேர் இன்ஸ்டாகிராமில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள்: ஒன்று சொந்தக்காரர்கள் பார்க்க, இன்னொன்று நண்பர்கள் பார்க்க. அதனால் ஆள் மாறுவதும் ஒளிவதும் அவர்களுக்குப் பழகிய விஷயம். இதையே வேலையாகச் செய்த கலைஞர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் புதிது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபேக் ஐடி வைத்து ஏமாற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். ஃபேக் ஐடிக்காரர் மாட்டிக்கொள்ளும்வரை வாய் திறக்கமாட்டார். கலைஞர் ஒருநாள் தானே வந்து சொல்கிறார், அல்லது சொல்லாமல் இருப்பதையே படைப்பின் பகுதியாக வைத்துக்கொள்கிறார். முகமூடியைக் கழற்றும் நேரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அமாலியா உல்மனை எடுத்துக்கொள்வோம். அர்ஜென்டினாவில் பிறந்து ஸ்பெயினில் வளர்ந்த கலைஞர். 2014 ஏப்ரலில் தன் சொந்த இன்ஸ்டாகிராம் கணக்கிலேயே ஒரு நாடகத்தைத் தொடங்கினார். முதலில் அவர் பெரிய நகரத்துக்குப் புதிதாக வந்த வெகுளிப் பெண்; இளஞ்சிவப்பு நிறம், பூ, கண்ணாடி முன் செல்ஃபி. அப்புறம் காதல் முறிகிறது. ஆடம்பர ஹோட்டல், விலையுயர்ந்த உள்ளாடை, மார்பைப் பெரிதாக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டதுபோல் கட்டுப்போட்ட படம். பிறகு உடைந்துபோய் அழும் வீடியோ. கடைசியில் மன்னிப்பு, யோகா, அவகாடோ டோஸ்ட். செப்டம்பரில் முடித்துக்கொண்டு, இத்தனையும் முன்கூட்டியே திட்டமிட்ட நடிப்பு என்று அறிவித்தார். அறுவை சிகிச்சை நடக்கவே இல்லை. ‘எக்ஸலன்ஸஸ் அண்ட் பெர்ஃபெக்ஷன்ஸ்’ என்ற அந்தத் தொடரை, 2016-இல் லண்டன் டேட் மாடர்னில் நடந்த கண்காட்சியிலும் வைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஏமாற்று வேலை அல்ல, அவர் செய்த ஆராய்ச்சி. எந்தப் படத்துக்கு எந்த ஹேஷ்டேக், எந்த நேரத்தில் போட்டால் லைக் வரும் என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார். ‘உண்மையான நான்’ என்று நாம் நம்பிப் போடும் படங்களுக்கும் இதே சூத்திரம்தான் என்பது கொஞ்சம் சங்கடமான கண்டுபிடிப்பு. பெயரை அவர் மாற்றவும் இல்லை. சொந்தப் பெயருக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டார்.

இணையம் வருவதற்கு முன்னால் இது உண்டா?

உண்டு. அமெரிக்கக் கலைஞர் லின் ஹெர்ஷ்மன் லீசன் 1973 முதல் 1978 வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘ராபர்ட்டா ப்ரைட்மோர்’ என்ற பெண்ணாக வாழ்ந்து காட்டினார். பொன்னிற விக், குறிப்பிட்ட மேக்கப், தனி நடை, தனிக் கையெழுத்து. ராபர்ட்டாவுக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. அறைத்தோழி தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள், மனநல மருத்துவரிடமும் போனாள். பிற்பாடு இன்னும் சில பெண்கள் அதே வேடத்தில் ராபர்ட்டாவாக நடமாடினார்கள். கடைசியில் இத்தாலியின் ஃபெராரா நகரில் பேயோட்டும் சடங்குபோல ஒன்றை நடத்தி அவளை வழியனுப்பி வைத்தார்கள்.

ஒரு ஆள் இருக்கிறாள் என்பதற்கு அலுவலகங்கள் கேட்பது காகிதத்தைத்தான். காகிதம் இருந்தது, ஆகவே ராபர்ட்டாவும் இருந்தாள். ப்ரொஃபைல் என்ற சொல் நம் வாயில் புகுவதற்கு இருபது வருடம் முன்பே லீசன் அதைச் செய்து பார்த்துவிட்டார்.

கலைஞர் யார் என்றே தெரியாமல் பல வருடம் ஓடிய படைப்பு ஏதாவது?

மூஷெத். 1996-இல் ஓர் இணையதளம் தோன்றியது. தன் பெயர் மூஷெத், ஆம்ஸ்டர்டாமில் வசிக்கிறேன், வயது இன்னும் பதின்மூன்றுகூட ஆகவில்லை, நான் ஒரு கலைஞர் என்று அது சொன்னது. உள்ளே போனால் பூக்கள், ஈக்கள், கண்ணாடியில் நாக்கை அழுத்தியதுபோல ஒரு படம். குழந்தைத்தனமும் இருட்டும் கலந்த பக்கங்கள். மூஷெத் என்றாலே பிரெஞ்சில் குட்டி ஈ. பெயர் வந்த வழி வேறு: ரொபேர் ப்ரெஸ்ஸோன் 1967-இல் எடுத்த படத்தின் நாயகி அவள். 2002-இல் அந்த இயக்குநரின் மனைவி தரப்பிலிருந்து வழக்கு மிரட்டல் வந்து, படத்தைப் பற்றிய ஒரு பக்கத்தை எடுக்க நேர்ந்தது.

தளத்தில் உலாவுபவர்களிடம் மூஷெத் கேள்வி கேட்பாள். பதில் எழுதினால், நாள் கழித்து மின்னஞ்சல் வரும். மறந்துபோன நேரத்தில் ‘மூஷெத்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வந்து விழுந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னாளில் விருப்பமுள்ளவர்கள் அவள் பெயரிலேயே கடிதம் அனுப்பவும் வழி செய்து கொடுத்தார்கள். எழுதுவது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று வருடக்கணக்கில் ஊகம் நடந்தது. 2010-இல்தான், ஆம்ஸ்டர்டாமில் வாழும் பிரெஞ்சுக் கலைஞர் மார்த்தீன் நெடாம், அது தன்னுடைய வேலை என்று வெளியே சொன்னார். பதினான்கு வருடம்! அத்தனை காலமும் மூஷெத்துக்கு வயது ஏறவே இல்லை. இப்போது அது ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

ஒரே பெயரைப் பலர் பயன்படுத்தலாமா?

இத்தாலியில் 1994-இல் தொடங்கிய ‘லூதர் பிளிசெட்’ அப்படித்தான். அது உண்மையில் ஒரு கால்பந்து வீரரின் பெயர். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடியவர், 1983-84 சீசனில் மிலான் அணியில் இருந்தவர். யார் வேண்டுமானாலும் லூதர் பிளிசெட்டாக எழுதலாம், குறும்பு செய்யலாம், பத்திரிகைகளுக்குப் பொய்ச் செய்தி கொடுத்து மாட்டிவிடலாம். 1999 முடிவில் தொடங்கியவர்களே அந்தப் பெயரைக் கைவிட்டார்கள்.

நமக்கு இது விநோதமாகத் தெரியக் கூடாது. ஔவையார் ஒருவர் இல்லை, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஔவையார்கள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். குறுந்தொகையில் சொந்தப் பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்கள் எழுதிய வரியிலிருந்தே பெயர் வைத்தார்கள்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார். யூசர்நேம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இவர்கள்தான்.

பெண் கலைஞர்கள் இதை வேறு விதமாகப் பயன்படுத்தினார்களா?

ஜெர்மன் கலைஞர் கொர்னேலியா சோல்ஃப்ராங்க் செய்ததைக் கேளுங்கள். 1997-இல் ஹாம்பர்க் நகரின் குன்ஸ்ட்ஹாலே அருங்காட்சியகம் இணையக் கலைக்கு ஒரு போட்டி அறிவித்தது. அவர் இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கலைஞர்களைக் கற்பனையில் உருவாக்கினார். ஒவ்வொருவருக்கும் பெயர், நாடு, மின்னஞ்சல் முகவரி. படைப்புகளுக்கு என்ன செய்தார்? இணையத்தில் கிடைக்கும் பக்கங்களைப் பிய்த்துக் கலந்து புதுப் பக்கம் போட்டுக்கொடுக்கும் ஒரு நிரலை ஓடவிட்டார். வந்த விண்ணப்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களிடமிருந்து என்று அருங்காட்சியகம் மகிழ்ச்சியாக அறிவித்தது.

பரிசு மூன்றும் ஆண்களுக்கே போயின. முடிவு வந்த அன்றே சோல்ஃப்ராங்க் செய்தியாளர்களுக்கு அறிக்கை கொடுத்துவிட்டார். அவருக்குப் பரிசு கிடைத்திருந்தால் இந்தப் படைப்பு இவ்வளவு கூர்மையாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஒளிவது புரிகிறது. எல்லாவற்றையும் திறந்து காட்டினால் அது எப்படி அநாமதேயம்?

இந்தக் கேள்விக்காகவே நான் ஹசன் இலாஹியின் கதையைக் கடைசி வரிசைவரை கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன்.

வங்கதேசத்தில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் அவர். 2002-இல் வெளிநாட்டுப் பயணம் முடிந்து டெட்ராய்ட் விமான நிலையத்தில் இறங்கியதும் தனியே அழைத்துப்போய் உட்காரவைத்தார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு வாடகைக் கிடங்கில் வெடிபொருள் வைத்திருப்பதாக யாரோ தவறான தகவல் கொடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் 12, 2001 அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். நல்லவேளை, கைக்கணினியில் எல்லாம் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர், எடுத்துக் காட்டினார். அப்படியும் ஆறு மாதம் போல எஃப்பிஐ விசாரணை, ஒன்பது முறை உண்மை கண்டறியும் சோதனை. இறுதியில், உன்மேல் ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஆனால் அதை எழுத்தில் கொடுக்கவில்லை. இனி எந்த விமான நிலையத்தில் யார் பிடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் தன்னை விசாரித்த அதிகாரிக்கே போன் போட்டு, இங்கே போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் மின்னஞ்சல். அப்புறம், ஒருவருக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று ஓர் இணையதளம். சாப்பிட்ட தட்டு, படுத்த கட்டில், பெட்ரோல் பங்க், போன கழிப்பறை, எல்லாவற்றையும் படமெடுத்து இடத்தோடு நேரத்தோடு ஏற்றிக்கொண்டே இருந்தார். ஆயிரக்கணக்கான படங்கள்.

அந்தப் படங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு நூடுல்ஸ் கிண்ணம், ஒரு காலியான கழிப்பறை, ஒரு நடைபாதை. ஆள் இல்லை, நண்பர் இல்லை, அவர் முகமும் இல்லை. அவர் எங்கே இருந்தார் என்று தெரியும். அவர் யார் என்று கடைசிவரை தெரியாது. ஊசியை ஒளிக்க வைக்கோற்போரை மேலே மேலே கொட்டிக்கொண்டே போகிற வேலை. உளவாளிகளுக்குத் தகவல் விலைமதிப்புள்ளது என்றால், அதைக் கிலோக்கணக்கில் இலவசமாகக் கொடுத்து விலையைச் சாய்ப்பதுதான் அவர் கணக்கு.

இதே காலத்தில் இத்தாலியக் கலைஞர் இணை ஏவா, ஃபிராங்கோ மட்டெஸ் 2000 முதல் 2003 வரை தங்கள் வீட்டுக் கணினியையே உலகத்துக்குத் திறந்து வைத்தார்கள். மின்னஞ்சல் உட்பட யாரும் படிக்கலாம். பெயர் ‘லைஃப் ஷேரிங்’. ‘ஃபைல் ஷேரிங்’கின் எழுத்துகளை மாற்றிப் போட்ட விளையாட்டு.

கண்காணிப்புக் கேமராவை வைத்துக் கலை செய்தவர்கள் உண்டா?

பலர் உண்டு. நான் சொல்வது ஜில் மகிட். 2004-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் 31 நாள் தங்கினார். அந்த எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. ஊரின் சிசிடிவி பதிவுகளை யாரும் கேட்காவிட்டால் 31 நாளில் அழித்துவிடுவார்கள்.

சிவப்பு நிற மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நகரத்தில் நடந்தார். பணியில் இருக்கும் காவலருக்குப் போன் செய்து, இந்த இடத்தில் நிற்கிறேன், என்னைப் படமெடுங்கள் என்பார். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டார். காதில் போன், அங்கே திரைமுன் உட்கார்ந்திருக்கும் காவலர், கேமரா வழியாக அவரைப் பார்த்து, இடதுபக்கம் திரும்பு, நில் என்று கூட்டத்துக்கு நடுவே வழிநடத்தினார்.

பதிவுகளைப் பெற அரசாங்கப் படிவம் நிரப்ப வேண்டும். என்ன நடந்தது, எப்போது, எங்கே, எப்படி இருந்தீர்கள். அவர் 31 படிவங்களையும் காதல் கடிதமாக எழுதி நிரப்பினார். என்ன உடையில் இருந்தேன், என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று. ஒரு குற்றப்பதிவு, ஒருவர் இன்னொருவரைக் கவனித்துப் பார்த்துக்கொண்டதன் நினைவாக மாறிவிட்டது. அவருடைய அடையாளம் காவல்துறையின் பெட்டகத்தில்தான் இருக்கிறது, ஆனால் எழுதிக் கொடுத்தது அவர்.

முகத்தில் சாயம் பூசினால் கேமரா ஏமாறுமா?

ஒருகாலத்தில் ஏமாந்தது. ஆடம் ஹார்வி 2010-இல் ‘சிவி டேஸில்’ என்று ஒன்றைச் செய்தார். அப்போது பரவலாக இருந்த வயோலா-ஜோன்ஸ் முறை, கண் பகுதி கன்னத்தைவிட இருட்டு, மூக்குத்தண்டு வெளிச்சம் என்ற மாதிரி வெளிச்ச வித்தியாசங்களை வைத்து முகத்தைக் கண்டுபிடித்தது. நெற்றி முடியைச் சரித்து மூக்குத்தண்டை மறை, கன்னத்தில் கறுப்புக் கட்டம் போடு: அவ்வளவுதான், கணினிக்கு முகமே இல்லை. இன்றைய மென்பொருளிடம் இந்தப் பாச்சா பலிக்காது. மேலும் இப்படி அலங்காரம் செய்துகொண்டு பேருந்தில் ஏறினால் கேமராவுக்கு மட்டும்தான் தெரியமாட்டீர்கள், கண்டக்டர் முதல் கடைசி சீட் வரை எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

ஸாக் பிளாஸ் வேறு வழியில் போனார். பலருடைய முகத் தரவுகளை ஒன்றாகக் கலந்து, யாருடையதும் அல்லாத ஓர் உருண்டு திரண்ட முகமூடி செய்தார். முகத்தைப் பார்த்தே ஒருவரின் பாலின ஈர்ப்பைச் சொல்லிவிடலாம் என்ற ஆய்வுகளுக்கு அது பதில். லியோ செல்வாஜியோ தன் முகத்தையே அச்சடித்து மற்றவர்களுக்கு முகமூடியாகக் கொடுத்தார். தேடினால் எல்லா இடத்திலும் அவரே இருப்பார்.

ஆனால் மறைவது ஒருவகை வசதி. மறைய விரும்பாமலே மறைந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஜாய் புவோலம்வினி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, முகத்தை அறியும் மென்பொருள் அவருடைய கறுத்த முகத்தைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை மாட்டியதும் கண்டுகொண்டது. 2018-இல் டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் மென்பொருள்கள் கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம்வரை தவறின. வெளுத்த ஆண்களிடம் 0.8 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. அதையே ஒரு கவிதை வீடியோவாகவும் செய்தார்.

இதைப் படித்தபோது என் அம்மா ஞாபகம் வந்தது. ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை வைத்தால் பதியாது. நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து, இந்த விரல், அந்த விரல் என்று மாற்றி வைப்பார். முப்பது வருடமாக அவரைத் தெரிந்த கடைக்காரர், அம்மா நீங்கதான்னு எனக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியலையே என்பார்.

அவதார் மட்டுமே கலைஞராக இருக்க முடியுமா?

லாடர்போ அவேடன் அப்படித்தான். கணினி விளையாட்டு உலகங்களிலும், ஆட்கள் கற்பனை உருவம் எடுத்து உலவும் ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகத்திலும் உருவான அவதார். பேட்டி கொடுப்பதும் கண்காட்சி வைப்பதும் அதுவே. பின்னால் இருப்பவர் யார் என்று பொதுவெளியில் சொல்லப்படவில்லை. சீனக் கலைஞர் சாவ் ஃபெய் செகண்ட் லைஃபில் ‘சைனா ட்ரேசி’யாக உலவி எடுத்த படம் 2007-இல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் காட்டப்பட்டது. ஆனால் அவர் பெயரை மறைக்கவில்லை. அவதார் என்றாலே அநாமதேயம் என்று பொருளில்லை.

டீப்ஃபேக் பற்றி?

இங்கே நம்மோடு தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார். ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்த கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ். அனிக்கா கூல்மனோடு சேர்ந்து செய்த ‘பீயிங் ஹியூமன்’ என்ற படத்தில், பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் போலக் கணினி உருவாக்கிய ஓர் உருவம் ‘உண்மையாக இருப்பது’ பற்றிப் பேசும். அதன் பின்னணியில் போருக்குப் பிந்தைய இலங்கையும், 2009-க்குப் பிறகு அங்கே வளர்ந்த சமகாலக் கலைச் சந்தையும். பிரபலத்தின் பொய்முகம் உண்மையைப் பற்றி உபதேசம் செய்ய, உண்மையில் நடந்த ஒன்று மெல்ல மறைகிறது. வேடிக்கைக்குச் செய்யும் டீப்ஃபேக்குகளோடு இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

பெயர் தெரியாதவர் படைப்பை யார் வாங்குவார்கள்?

வாங்குகிறார்கள். ‘பாக்’ என்ற பெயரில் அறியப்படும் கலைஞரின் ‘தி மெர்ஜ்’ 2021 டிசம்பரில் 9.18 கோடி டாலருக்கு விற்றது. 28,000-க்கும் மேற்பட்டோர் பங்கு பங்காக வாங்கினார்கள். அந்த விலையில் கலை எவ்வளவு, என்எஃப்டி (டிஜிட்டல் படைப்புக்கான உரிமைச் சான்று) காய்ச்சல் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டச் சிக்கல் வருமா?

வரலாம். கற்பனையான ஆளை உருவாக்குவது வேறு, உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொள்வது வேறு. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66டி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டுவரை சிறையும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்கிறது. கலை என்று சொன்னால் வழக்கே வராது என நினைக்காதீர்கள். பக்கத்து வகுப்புப் பெண்ணின் படத்தை வைத்து ‘ப்ராஜெக்ட்’ செய்யலாமா என்று ஒருவன் கேட்டான். அதற்கு நான் சட்டம்கூடச் சொல்லவில்லை.

நானும் செய்து பார்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

முகம் காட்டாத ஒரு கணக்கைத் தொடங்கி ஒரு மாதம் நடத்துங்கள். படத்தை ஏற்றும் முன் போன் அதில் எழுதிவைத்திருக்கும் இடம், நேரம் எல்லாவற்றையும் அழியுங்கள். தொடர்பு எண்களை இணைக்காதீர்கள். இணைத்தால் உங்கள் சித்தப்பாவுக்கே அந்தக் கணக்கைப் பரிந்துரைக்கும்.

போன வருடம் ஒரு மாணவி இப்படித்தான் தொடங்கினாள். தினமும் ஒரு காபி, ஒரு வரி. பெயர் இல்லை, முகம் இல்லை, கைகூட இல்லை. பதினோராம் நாள் வகுப்புத் தோழி ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எவர்சில்வர் டவராவின் வளைவில் நீண்டு நெளிந்த ஒரு முகமும், அதன் பின்னால் ஹாஸ்டல் ஜன்னலும். அந்தப் படத்தை எடுத்துவிடு என்றுதான் நான் சொன்னேன். அவள் எடுக்கவில்லை. அடுத்த வாரம் குக்கர் மூடி, கரண்டி, பைக் கண்ணாடி, குழாய் முனை என்று பளபளக்கும் பொருளாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் அவள் இருந்தாள், ஒன்றிலும் அடையாளம் தெரியவில்லை.